முதல் சோலோ டைவ்: உங்க மனசில நின்னது எது?

கல்நண்டு எழுதியது:

ஜோடி இல்லாம ஸ்கூபா கியரோட தண்ணிக்குள்ள இறங்கின முதல் தடவையைப் பத்தி ஒரு இழை போடணும்னு ரொம்ப நாளா நினைப்பு. கோர்ஸ் பத்தி, கியர் பத்தி நிறையப் பேசியாச்சு. அந்த டைவ்ல நிஜமா என்ன மனசில நின்னுச்சுன்னு மட்டும் யாரும் எழுதலை.

எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது கழுத்து. நான் எப்பவும் ஜோடிக்கு வலப்பக்கம் நீந்துற ஆள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இடது தோளுக்கு மேல திரும்பிப் பார்க்கிறது உடம்புல ஊறிப்போச்சு. அன்னைக்கும் திரும்பிக்கிட்டே இருந்தேன். யாரும் இல்லைன்னு தெரியும், இருந்தாலும் தலை திரும்பும். ஓகே சைகை காட்டக் கை பாதி எழும்பி அப்படியே நின்னுடும். டைவ் முடியுற வரைக்கும் இந்தப் பழக்கம் போகலை.

பழகின இடம்தான். கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், அதிகபட்சம் 12 மீட்டர். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் மணல். போகும்போது பாறை இடது கைப்பக்கம், திரும்பும்போது வலது கைப்பக்கம், அவ்வளவுதான் வழி. ஆழம், நேரம், தூரம் எல்லாத்தையும் வழக்கத்தைவிடக் குறைச்சுத்தான் திட்டம் போட்டிருந்தேன்.

பயம் கரையில இருந்துச்சு. தலை தண்ணிக்குள்ள போனதும் அது வேற மாதிரி ஆயிடுச்சு. டேங்க்ல எவ்வளவு காத்து இருக்குன்னு காட்டுற கேஜைப் பார்ப்பேன். ரெண்டு மூச்சு விட்டுட்டுத் திரும்பவும் பார்ப்பேன். முள் அசைஞ்சிருக்காது. கம்ப்யூட்டரைப் பார்ப்பேன், போனி பாட்டிலோட (அவசரத்துக்கு வச்சிருக்கிற சின்னத் தனி சிலிண்டர்) ரெகுலேட்டர், அதாவது வாயில வச்சு மூச்சு இழுக்கிற கருவி, கழுத்துல தொங்குதான்னு தடவிப் பார்ப்பேன், மறுபடி கேஜ். முதல் பத்து நிமிஷத்துல மீன்னு ஒண்ணை நான் பார்த்ததா ஞாபகமே இல்லை.

அப்புறம் ஒரு பாறை இடுக்குக்கு முன்னாடி காலிச் சிப்பியும் நண்டு ஓடும் குவிஞ்சு கிடந்தது. சாக்குக்கணவாய் (ஆக்டோபஸ்) வீட்டு வாசல் அப்படித்தான் இருக்கும், தின்னுட்டுக் குப்பையை வெளிய தள்ளும். மணல்ல மெதுவா முட்டி போட்டு உக்காந்துட்டேன். உள்ள ஒரு கண் தெரிஞ்சது. நான் மூச்சு விட்டுக் குமிழி சத்தம் வந்தா அது பின்னாடி போகும், இழுக்கும்போது கொஞ்சம் முன்னாடி வரும். மூச்சை நீளமா, மெதுவா விட ஆரம்பிச்சதும் அதுவும் நிதானத்துக்கு வந்துச்சு. கடைசியா ஒரு கை மட்டும் வெளிய நீண்டு, பாறையோட பழுப்பு நிறத்துக்கு மாறி, கிடந்த ஒரு சிப்பியைப் பிடிச்சு இழுத்து வாசலை மூடிக்கிச்சு. இதைப் பார்க்க எனக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. குழுவா போனா வழிகாட்டி டார்ச்சை அடிச்சுக் காட்டிட்டு அடுத்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்பார்.

திட்டம் போட்ட அழுத்தம் வந்ததும் திரும்பிட்டேன். 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு, எஸ்எம்பி (நான் இருக்கிற இடத்தை மேல காட்டுற மிதவை) விட்டு, மேல வந்தேன். சம்பவம்னு ஒண்ணும் இல்லை. உங்களுக்கு?

அஞ்சாலை எழுதியது:

எனக்கு நிற்பது சத்தம். ஜோடியாகப் போகும்போது பக்கத்து ஆளின் குமிழியும் சேர்ந்தே கேட்கும், அதைக் கவனிப்பதே இல்லை. தனியாகப் போனால் மூச்சை இழுக்கும் அந்த இரண்டு விநாடியில் எல்லாம் கேட்கிறது. பொடி இறால்கள் சொடுக்கும் சத்தம், கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம்.

எங்கோ ஒரு படகு எஞ்சின் கேட்டது. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகம். இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் திசை பிடிபடாது. பாடத்தில் படித்ததுதான். ஆனால் ஜோடியாக இருந்தால் 'நீ மேலே பார்த்தாயா' என்று சைகையில் கேட்டிருப்பேன். தனியாக இருந்ததால் அந்தச் சத்தம் முழுதாகத் தேய்ந்து அடங்கும்வரை பாறையை ஒட்டியே கிடந்தேன்.

ஓங்கில் எழுதியது:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் இருவரும். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ கோர்ஸைப் பல வருடங்களாக நடத்துகிறவன் நான்.

ஸ்கூபா மரணங்களை ஆராயும் டான் அமைப்பு 1992 முதல் 2003 வரையிலான 947 மரணங்களை எடுத்து, எது முதலில் தவறியது என்று பார்த்தது. தூண்டிய காரணம் தெரிந்தவற்றில் 41 சதவீதத்தில் காற்றுப் பற்றாக்குறைதான் தொடக்கம். அதற்கு உங்களிடம் போனி இருக்கிறது, சரி. அதே ஆய்வில், ஆளைச் செயலிழக்க வைத்த பாதிப்பு எனப் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒன்று இதயம் தொடர்பானது. அதற்கு எந்த பாட்டிலை மாட்டிக்கொண்டு இறங்குவீர்கள்? நினைவிழந்தவரின் வாயில் ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுவர இன்னொரு மனிதர்தான் வேண்டும். எந்தக் கருவியும் அந்த வேலையைச் செய்யாது.

சாக்குக்கணவாய் அழகுதான். ஆனால் இந்த இழையை ஐந்து டைவ் முடித்த பையன் ஒருவனும் படிப்பான்.

சிப்பிமூடி எழுதியது:

ஓங்கில் ஐயா சொல்றதுல ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனா ஜோடின்னு அவர் சொல்றது எந்த ஜோடியை?

நான் மேக்ரோ படம், அதாவது குட்டி உயிரினங்களைக் கிட்டப் போய்ப் படம் எடுக்கிறவ. கேமராவோட குனிஞ்சா ஒரே பாறையில அரை மணி நேரம். லாக்ல என் பேருக்கு எதிர்ல எப்பவும் ஒரு ஜோடி பேர் இருக்கும். படகுல அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி அறிமுகமான ஒரு மனுஷர். அவருக்கு மந்தா திருக்கை பார்க்கணும், எனக்கு நகக்கண் அளவுள்ள ஓடில்லாக் கடல் நத்தை. அவர் எங்க போறார்னு நான் பார்க்கிறதில்லை, நான் இருக்கேனான்னு அவரும் பார்க்கிறதில்லை. ரெண்டு பேரும் ஒரே கடல்ல இருந்தோம், அவ்வளவுதான் எங்க ஜோடி. எனக்கு ஏதாவது ஆனா அவர் எட்டிப் பிடிக்கிற தூரத்துல ஒருநாளும் இருந்ததில்லை. அப்ப என்கிட்ட போனியும் இல்லை, ரெண்டாவது மாஸ்க்கும் இல்லை, தனியா இருக்கேன்கிற நினைப்பும் இல்லை.

அதனால என் முதல் சோலோ டைவ்ல என்ன நினைவிருக்குன்னு கேட்டா, நிம்மதின்னுதான் சொல்லுவேன். என் காத்து, என் நேரம், என் பொறுப்புன்னு எழுதி வச்சுட்டு இறங்கின முதல் டைவ் அது. இத்தனை வருஷமா செஞ்சுக்கிட்டிருந்ததுக்கு அன்னைக்குத்தான் முழு கியரும் மாட்டினேன்.

உயிருக்கு உயிரா கூடவே வர்ற ஜோடி கிடைச்சா நான் சோலோ போக மாட்டேன் ஐயா. இது சத்தியம். அப்படி எனக்கு ஒருத்தர்தான் உண்டு, அவங்களுக்கு வருஷத்துல ரெண்டு தடவைதான் லீவு கிடைக்கும்.

ஓங்கில் எழுதியது:

சிப்பிமூடி, நீங்கள் சொல்வது ஜோடி முறையின் குறை அல்ல, அதைக் கடைப்பிடிக்காததன் குறை. ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். கைக்கெட்டாத ஜோடி ஜோடியே அல்ல. இன்னும் சொன்னால், அது தனியாகப் போவதைவிட மோசம். உதவி பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆழத்திலும் நேரத்திலும் சலுகை எடுத்துக்கொள்வோம்.

வெள்ளாப்பு எழுதியது:

நான் சொல்லப்போறது தண்ணிக்கு வெளியில நடந்த கதை. எனக்கு அந்த டைவிலயே ஆக நினைவில நிக்கிறது இறங்க முதல் கரையில இருந்த நேரம்தான்.

ஜோடியோட போகேக்க ஆளுக்காள் கியரைப் பாத்து விடுவம். ஆரோ ஒருத்தர் பின்னால வந்து வால்வைத் தொட்டுப் பாப்பினம். அண்டைக்கு ஒருத்தரும் இல்லை. டாங்க் முதுகில ஏறினாப் பிறகு வால்வு எனக்குத் தெரியாது. அதால மாட்ட முதலே எல்லாத்தையும் நிலத்தில விரிச்சு, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பாத்தன். தூரத்தில நாயோட நடந்துபோன ஒரு மனுசி எனக்கு விசர் எண்டு நினைச்சிருப்பா.

வால்வு முழுசாத் திறந்திருக்கோ எண்டு கண்டுபிடிக்க ஒரு சின்னக் குறிப்பு இருக்கு, எத்தினை பேருக்குத் தெரியுமோ தெரியாது. கேஜைப் பாத்துக்கொண்டே ரெகுலேட்டரில நாலைஞ்சு தரம் பலமா மூச்சு இழுக்க வேணும். முள்ளு ஆடாமல் நிண்டா வால்வு திறந்திருக்கு. ஒவ்வொரு இழுவைக்கும் முள்ளு கீழ விழுந்து திரும்பி ஏறினா வால்வு அரைகுறையாத்தான் திறந்திருக்கு. மேல நிக்கேக்க அது மூச்சுக்குப் போதும், ஆழத்தில காத்து அடர்த்தியாகி வர இழுக்க இழுக்க வராது. ஒரு மூச்சு இழுத்துப்போட்டு '200 பார் (அழுத்த அளவு), சரி' எண்டு போனா இது தெரியவே வராது.

பிறகு 3 மீட்டரில போய் நிண்டு பிசிடியை (டாங்கை மாட்டுற, மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற மேலங்கி) கழட்டி முன்னால பிடிச்சு, முதல் நிலையில (ரெகுலேட்டர் டாங்கோட சேருற பகுதி) குமிழி கசியுதோ எண்டு பாத்தன். தன்ர முதுகு தனக்குத் தெரியாது. சோலோ போற ஆளுக்கு அதுதான் பெரிய பிரச்சினை. கழட்டிப் போட பழகாத ஆள் தனிய போகக் கூடாது எண்டு நான் நினைக்கிறன்.

கல்நண்டு எழுதியது:

வெள்ளாப்பு அண்ணே, முள் சமாச்சாரம் அருமை. இதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். போனியோட கேஜையும் இதே மாதிரி இழுத்துப் பார்க்கணும். வால்வு மூடியிருந்தாலும் ஹோஸ்ல அடைபட்ட அழுத்தத்தால கேஜ் 200-ஐ காட்டிக்கிட்டே நிக்கும். ரெண்டு மூச்சுல முள் பூஜ்யத்துக்கு இறங்கிடும்.

புதுத்துடுப்பு எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். ஓங்கில் ஐயா சொன்ன 'அஞ்சு டைவ் பையன்' நான்தான் 🙂 (அஞ்சை விடக் கொஞ்சம் கூட.) ஓபன் வாட்டர் (ஆரம்ப கோர்ஸ்) முடிச்சாச்சு. மூச்சு நல்லா வருது, மிதப்பும் ஓரளவு பிடிபட்டிடுச்சு. 6, 7 மீட்டர்ல, கரைக்குப் பக்கத்துல, தெளிவான தண்ணியில தனியா போய்ப் பார்த்தா என்ன தப்பு? மேல வர ஒரு நிமிஷம்கூட ஆகாதே?

அஞ்சாலை எழுதியது:

போகாதீர்கள் தம்பி.

ஓங்கில் எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள். பெரும்பாலானவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள்.

ஆழம் குறைவு என்றால் ஆபத்து குறைவு என்று தோன்றும். நுரையீரல் விஷயத்தில் அது நேர்மாறு. அழுத்தம் விகிதத்தில் அதிகமாக மாறுவது மேல் 10 மீட்டரில்தான். 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரிகிறது. 30-இலிருந்து 20-க்கு வரும்போது மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. முழு மூச்சை அடக்கிக்கொண்டு 1.2 மீட்டர் உயர்ந்தாலே நுரையீரல் கிழிந்து காற்று ரத்தத்தில் கலக்க வாய்ப்பிருக்கிறது. நீச்சல் குளத்திலும் இது நடக்கலாம். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியதும் புதியவர்கள் செய்யும் முதல் காரியம் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வது. உங்களைக் குறை சொல்லவில்லை, உடம்பின் இயல்பு அது. அதை மாற்ற நாள் ஆகும். அதுவரை உங்கள் பிசிடியைப் பிடித்து நிறுத்த ஒரு கை பக்கத்தில் வேண்டும்.

பயிற்சி நிறுவனங்களான எஸ்.டி.ஐ-யின் சோலோ டைவர் கோர்ஸுக்கும் சரி, பி.ஏ.டி.ஐ-யின் செல்ஃப்-ரிலையண்ட் டைவர் கோர்ஸுக்கும் சரி, பதிவு செய்த 100 டைவ்கள் வேண்டும். முன்னதற்கு வயது 21, பின்னதற்கு 18. 100 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. அதற்குள் மாஸ்க் கழன்றிருக்கும், கால் பிடித்திழுத்திருக்கும், நீரோட்டம் திசை மாறியிருக்கும், ஜோடி தொலைந்திருப்பார். இதெல்லாம் ஒருமுறையாவது நடந்து, மூச்சு தவறாமல் சமாளித்திருப்பீர்கள் என்பதுதான் கணக்கு.

சிப்பிமூடி எழுதியது:

தம்பி, ஐயா சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு. 'மூச்சு நல்லா வருது'ன்னு எழுதியிருக்கீங்க. நல்லாத்தான் வரும், எதுவும் தப்பா போகாத வரைக்கும். மூச்சு முட்டுற உணர்வு காத்து குறைஞ்சு வர்றதில்லை, உடம்புல கரியமிலவாயு சேர்ந்து வர்றது. பதட்டத்துல வேகவேகமா மேலோட்டமா மூச்சு விட்டா அந்த வாயு வெளியேறாது. டேங்க் நிறையக் காத்து இருக்கும்போதே மூச்சு முட்டும். அந்த நேரத்துல கேஜைப் பார்த்து 'காத்து இருக்கு, நீளமா வெளிய விடு'ன்னு உங்களுக்கு நீங்களே சொல்லிக்க முடியணும். ஜோடி இருந்தா அவங்க கண்ணைப் பார்த்தே பாதி அடங்கிடும். நீங்க இப்போதைக்கு நல்ல ஜோடியா இருக்கக் கத்துக்கோங்க. அப்புறம் மத்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இவ்வளவு பேரும் போனி போனி என்கிறீர்கள், அது எத்தனை லிட்டர் என்று ஒருவரும் சொல்லக் காணோம். என் முதல் சோலோ டைவில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் முந்தின இரவு போட்ட கணக்கு மட்டுமே. மனைவி விளக்கை அணைக்கச் சொல்லியும் அணைக்கவில்லை.

20 மீட்டரை எடுத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் 3 பார். மேற்பரப்பில் நிதானமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவர் அங்கே 60 லிட்டர் வாங்குவார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர், 40 நிமிடத்தில் காலி. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

இப்போது பிரதான ரெகுலேட்டர் கைவிட்டது என்று வையுங்கள். நிதான மூச்சு அங்கேயே போயிற்று. இரட்டிப்பாக, 40 லிட்டர் என்று போடுவேன். போனிக்கு மாறி நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம்: 120 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற ஏறக்குறைய இரண்டு நிமிடம், சராசரி அழுத்தம் 2.25 பார்: 180. 5 மீட்டரில் மூன்று நிமிடம்: 180. மீதி 5 மீட்டருக்கு ஒரு நிமிடம்: 50. மொத்தம் 530 லிட்டர். 3 லிட்டர் போனியில் 200 பார் இருந்தால் 600. தாங்கும், ஆனால் தாராளம் இல்லை. 2 லிட்டர் போனி என்றால் 400, பாதுகாப்பு நிறுத்தத்தை விட்டுவிட்டால்தான் ஆகும்.

அதே 3 லிட்டரை நம்பி 30 மீட்டருக்குப் போனால் எனக்கு 720 வருகிறது. நிறுத்தத்தை விட்டால் 540. ஆகவே 3 லிட்டரோடு நான் 20-ஐத் தாண்டமாட்டேன். கையடக்கமாக ஒரு குப்பி விற்கிறார்களே, அதில் பெரிய அளவே 85 லிட்டர் சொச்சம். 20 மீட்டரில் பதறிய மூச்சுக்கு முக்கால் நிமிடம் வராது. இடுப்பில் தொங்கினால் தைரியமாக இருக்கும் என்பதைத் தவிர அதனால் பயனில்லை.

வெள்ளாப்பு எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணை, 40 லிட்டர் காணுமோ? குளிர் தண்ணியில, நீரோட்டத்துக்கு எதிரா ஃபின் அடிச்சுக்கொண்டு இருக்கேக்க ரெகுலேட்டர் போனா இன்னும் கூட வருமே.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரும். அதனால்தான் நீரோட்டத்துக்கு எதிராக ஃபின் அடிக்க வேண்டிய இடத்துக்குத் தனியாகப் போவதில்லை. உங்களுடைய எண்ணை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்: ஒரே ஆழத்தில் பத்து நிமிடம் நீந்தி, எத்தனை பார் குறைந்தது என்று பார்த்து, சிலிண்டர் லிட்டரால் பெருக்கி, நிமிடத்தாலும் அந்த ஆழத்தின் அழுத்தத்தாலும் வகுக்கவும். ஒருமுறை நிதானமாக, ஒருமுறை மூச்சிரைக்க. இரண்டாவது எண்ணைக் கணக்கில் போடுங்கள். என் 40-ஐக் கடன் வாங்காதீர்கள்.

அஞ்சாலை எழுதியது:

இடையில் ஒரு பழைய செய்தி. எமில் காஞ்யானும் கூஸ்தோவும் சேர்ந்து உருவாக்கிய அக்வாலங் என்ற ஸ்கூபா மூச்சுக் கருவியை 1943 ஜூனில் பிரான்சின் பண்டோல் அருகே கூஸ்தோ மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். தண்ணீருக்குள் அவர் மட்டும்தான், ஏனென்றால் இருந்ததே ஒரு கருவி. ஆனால் அவர் மனைவி சிமோன் மேலே மாஸ்க்கும் மூச்சுக்குழலுமாக மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் அவர்களின் நண்பர் தூமா, தேவைப்பட்டால் மூச்சடக்கிக் குதித்துக் காப்பாற்றத் தயாராக இருந்தார்.

ஆகவே ஓங்கில் ஐயாவும் கல்நண்டும் இருவருமே இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஓங்கில் எழுதியது:

எடுத்துக்கொள்கிறேன் 🙂 மேலே ஒருவர், கரையில் ஒருவர். இங்கே எழுதியவர்களில் எத்தனை பேர் 'இத்தனை மணிக்குள் வராவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு' என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்கினீர்கள்?

கல்நண்டு எழுதியது:

நான் சொல்லிட்டுத்தான் இறங்கினேன் ஐயா. அண்ணன்கிட்ட. அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது. அதனால ஒரு தாள்ல பெரிய எழுத்துல எழுதிக் கொடுத்தேன்: இறங்குற நேரம், ஏறுற நேரம், அதுக்கு மேல அரை மணி ஆனா யாருக்கு போன் பண்ணணும், எந்தப் பக்கம் போயிருப்பேன். 'நீ தண்ணிக்குள்ள வந்து தேடாதே'ன்னும் எழுதியிருந்தேன். மேல வந்து பார்த்தா அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு நின்னபடியே இருந்தார். எனக்கு அந்த டைவ் ஜாலி, அவருக்கு இல்லைன்னு அப்பத்தான் புரிஞ்சது.

நீரோட்டம் எழுதியது:

இவ்வளவு நாள் படிச்சுட்டு மட்டும் போவேன், இதுக்கு எழுதணும்னு தோணுச்சு. என்னோட முதல் சோலோ டைவ் முழுசா எட்டு நிமிஷம்.

எல்லாம் சரியாத்தான் இருந்தது. இறங்கினேன், 9 மீட்டர். பாசி படிஞ்ச பழைய மீன்பிடி நரம்பு ஒண்ணு ஃபின் பட்டையில சிக்கிச்சு. மெல்லிசு நரம்பு தண்ணியில கண்ணுக்கே தெரியாது, கால் இழுத்தாத்தான் தெரியும். நின்னேன், மூச்சு விட்டேன், திரும்பிப் பிடிச்சு இழுக்கலை. திரும்பினா சுத்திக்கும்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. பிசிடி பட்டையில இருந்த கத்தரியை எடுத்து ஒரே வெட்டு, முடிஞ்சுது. பெரிய கத்தியைவிட இந்தக் கத்தரிதான் நரம்புக்கு ஏத்தது. எந்தக் கையாலயும் எட்டுற இடத்துல இருக்கணும், அவ்வளவுதான்.

பிரச்சினை தீர்ந்துடுச்சு. காத்து 170 பார் இருக்கு. ஆனா அந்த இடத்துல நரம்பு இன்னும் எவ்வளவு கிடக்குன்னு தெரியாது. கூட ஆள் இருந்தா 'பரவாயில்லை, போலாம்'னு போயிருப்போம். அன்னைக்கு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. படகுக் காசு வீணாகுமேன்னு முகம் சுளிக்க ஆள் இல்லை. கட்டை விரலை மேல தூக்கி எனக்கு நானே சைகை காட்டிட்டு ஏறிட்டேன்.

டைவை எந்த நேரத்துலயும் யாரும் கலைக்கலாம், காரணம் கேட்கக் கூடாதுன்னு எல்லா கோர்ஸ்லயும் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட நான் கலைச்சதில்லை. அடுத்தவங்க டைவைக் கெடுக்கிற மாதிரி இருக்கும். இப்ப ஜோடியோட போகும்போதும் கலைக்கிறேன், கூச்சப்படுறதில்லை.

சிப்பிமூடி எழுதியது:

இந்த இழையில எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த எட்டு நிமிஷ டைவ்தான்.

ஓங்கில் எழுதியது:

எனக்கும். நீரோட்டம், உங்களோடு நான் எங்கே வேண்டுமானாலும் இறங்குவேன்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோலோ கோர்ஸ் முடித்த அட்டை வாங்கிவிட்டால் எல்லா இடத்திலும் தனியாக விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். சோலோ அட்டை இருந்தாலும் ஏற்காத படகுகள் நிறைய. காப்பீட்டிலும் தனி டைவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே படித்துவிடுங்கள். அட்டை இருந்தும் விடாத இடத்தில் சண்டை போடாதீர்கள், அது அவர்கள் படகு. என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை: ஜோடி இருந்தால் ஜோடி. ஆனால் சிப்பிமூடி சொன்ன 'ஒரே கடல் ஜோடி'யைவிட, கரையில் வாய்விட்டுச் சொல்லிக் கியர் பார்க்கும் வெள்ளாப்பு பத்திரமானவர் என்பதை நான் இனி வகுப்பில் சொல்லத்தான் போகிறேன்.

புதுத்துடுப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போகலை. 🙏 ரெண்டு சந்தேகம். ஒண்ணு, போனியை இப்பவே வாங்கி ஜோடி டைவ்லயே மாட்டிப் பழகலாமா? ரெண்டு, முதுகுல மெயின் டேங்க்கோட சேர்த்து மாட்டுறதா, பக்கவாட்டுல தொங்கவிடுறதா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

பழகலாம், பழகவும் வேண்டும். ஆனால் மிதப்பு முழுதாகப் பிடிபட்ட பிறகு. கூடுதல் எடை ஒரு பக்கமாகச் சாய்க்கும். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் வேறு எதையும் கற்கமாட்டீர்கள்.

கல்நண்டு எழுதியது:

ரெண்டாவதுக்கு நான் சொல்றேன் தம்பி. பக்கவாட்டுல, மார்புக்கும் இடுப்புக்கும் நடுவுல ரெண்டு கொக்கி போட்டுத் தொங்கவிடுறதுதான் எனக்குப் பிடிக்கும். வால்வு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், கசிஞ்சா குமிழி உடனே தெரியும். வேணும்னா கழட்டி இன்னொருத்தர்கிட்ட அப்படியே கொடுக்கலாம். முதுகுல மாட்டினா பாறையில உரசாது, ஆனா வெள்ளாப்பு அண்ணன் சொன்ன அதே பிரச்சினை, முதுகு நமக்குத் தெரியாது.

எங்க மாட்டினாலும் போனியோட ரெகுலேட்டர் மெயினோடது மாதிரி இருக்கக் கூடாது. வேற நிறம், வேற வாய்ப்பிடி, கண்ணை மூடிக்கிட்டு தடவினாலும் வித்தியாசம் தெரியணும். தெரியாம அதுல மூச்சு வாங்கிக்கிட்டே இறங்கினா மெயின் கேஜ் நிறைஞ்சே நிக்கும், நாம சந்தோஷமா இருப்போம், போனி காலியாகிக்கிட்டிருக்கும்.

ஓங்கில் எழுதியது:

புதுத்துடுப்பு, போனிக்கு முன் ரெஸ்க்யூ கோர்ஸை முடியுங்கள். அதில் பாதி நேரம் அடுத்தவரைக் காப்பாற்றுவது அல்ல, தன்னைக் கவனித்துக்கொள்வதுதான். எந்த நிறுவனத்தில் வேண்டுமானாலும் படியுங்கள், பயிற்றுநரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: எத்தனை பேர் ஒரு வகுப்பில், திறந்த நீரில் எத்தனை நாள். பதில் பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

புதுத்துடுப்பு எழுதியது:

சரிங்க ஐயா. முதல்ல அட்வான்ஸ்டா (ஓபன் வாட்டருக்கு அடுத்த கோர்ஸ்), நேரா ரெஸ்க்யூவா?

ஓங்கில் எழுதியது:

முதலில் அட்வான்ஸ்ட். அதில் திசைகாட்டி டைவை மட்டும் இரண்டாவது முறையும் செய்யுங்கள், பயிற்றுநர் போதும் என்றாலும்.